கத்தரிப்பூ நிறப் புடவை

போன மாதம் நம் வகுப்பில் மிஞ்சியவர்கள் கூடியபோது, சாப்பாட்டுப் பந்தியில் உங்களில் ஒருத்தி என் பக்கம் சாய்ந்து, "நீ மட்டும் அன்னிக்கு காஞ்சிபுரம் வந்திருந்தா ஜில்லா கப்பு நம்ம ஸ்கூலுக்குத்தான். லவ்வு வந்து கெடுத்துச்சி," என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பாயசம் வந்தது, பேச்சு முட்டிவலிப் பக்கம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் நாலைந்து நாள் அது உறுத்திக்கொண்டே இருந்தது. எது கெடுத்தது என்பதில் எனக்கு உங்களோடு சண்டையில்லை. சண்டை போடத் தெம்பும் இல்லை. ஆனால் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதை நீங்கள் எல்லோரும் மாற்றிவைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாள் தவறாமல் எழுதிவைக்கிற என்னால் அதை மட்டும் விட முடியவில்லை. ஆவணியில் தொடங்கி மார்கழி முதல் வாரத்தில் முடிந்த விஷயம் இது. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. எழுபதுகளின் நடுப்பகுதி. நம் பள்ளியில் பெண்களுக்கு இருந்த ஒரே ஆட்டம் வளையப்பந்து. நாம் 'ரிங்' என்றுதான் சொல்வோம். வலைக்கு மேலே ரப்பர் வளையத்தைப் போட வேண்டும், எதிராளி ஒரே கையால் பிடித்து அதே கையால் திருப்பிப் போட வேண்டும், தரையில் விழுந்தால் பாயிண்ட் போயிற்று. நானும் அக்காவும் ஜோடி. அவள் இடது பாதி, நான் வலது பாதி. அவள் படிப்பு முடிந்து, இருங்காட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்ட பிறகும், வரும்போதெல்லாம் களத்து மேட்டில் கயிறு கட்டி என்னோடு ஆடுவாள். வயிற்றில் ஏழு மாதம் ஆனபோதுகூட நின்ற இடத்திலிருந்தே வளையம் போட்டாள். "ஒக்காருடி, ஊரே சிரிக்குது," என்று அம்மா கத்தினாள். அக்கா, "சிரிச்சா சிரிக்கட்டும், பாயிண்ட்டு எனக்கு," என்றாள்.

அக்கா இறந்தது ஆவணி கடைசியில். பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சல். குழந்தைக்கு அன்று இருபத்து மூன்று நாள். பெண் குழந்தை.

பதினாறாம் நாள் காரியம் எங்கள் வீட்டிலும் நடந்தது. சாவு வீட்டில் உறவுக்காரர்கள் போடுகிற புதுத்துணியைக் கோடி என்போமே, அன்று அப்படி நிறைய வந்து கூடத்து மூலையில் குவிந்துகிடந்தது. அக்காவின் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் கூட்டத்தில் என்னைத் தேடி வந்து, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மெல்லிய 'வாயில்' துணிப் புடவையை என் கையில் வைத்தார். "வச்சிக்கோம்மா," என்றார். கண் கலங்கியிருந்தது. நான் தாவணிக்காரி. புடவை கட்டியதே இல்லை. அதுவும் ஒரு கோடி என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். தட்டு, வெற்றிலை, பூ, குங்குமம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். சாவு வீட்டில் அதையெல்லாம் வைக்கக் கூடாது என்பதால்தான் வைக்கவில்லை. கூடத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். எல்லோருக்கும் விளங்கியது. புரியாதவள் நான் ஒருத்திதான்.

குழந்தை எங்கள் வீட்டிலேயே தங்கியது. மாமா, அதாவது அக்காவின் புருஷன், அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். இரவு ஷிப்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவார். குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டுவது என் வேலை. காலையில் ஒருமுறை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒருமுறை. பாதி கழுத்து வழியே ஓடிவிடும். அந்தப் புளித்த பால் வாடை என் தாவணியில் எப்போதும் இருந்தது. வகுப்பில் உங்களில் சிலர் தள்ளி உட்கார்ந்தீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

புரட்டாசியில் ஒரு பகல், அம்மா கழனிக்குப் போயிருந்த நேரம். தூளி கட்டியிருந்த பழைய புடவை உத்தரத்துக் கொக்கியில் கிழிய ஆரம்பித்தது. நூல் நூலாகப் பிரிந்து இறங்குவதைப் பார்த்துக் குழந்தையை வாரி எடுத்துவிட்டேன். அக்காவின் புடவைகளை அம்மா பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருந்தாள். அம்மாவின் புடவைகள் எல்லாம் கிழிசல். கையில் கிடைத்தது கத்தரிப்பூ நிறப் புடவைதான். மெத்தென்றும் இருந்தது. அதையே கட்டினேன். குழந்தை உடனே தூங்கிவிட்டது.

அம்மா வந்து வாசற்படியில் நின்று அந்தத் தூளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். புதுப் புடவையை வீணாக்கினாய் என்று திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்ததும் டிரில் மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். எனக்கு விளையாட மனமில்லை. அம்மாவும், "வருசம் திரும்பல, அதுக்குள்ள இன்னாடி ஆட்டம்?" என்றாள். அப்பாதான், "பள்ளிக்கூடத்துல ஆடறதெல்லாம் ஆட்டமா? வாத்தியார் கூப்ட்டா போவ வேண்டியதுதான்," என்றார். வீட்டை விட்டு ஒரு மணி நேரம் வெளியே இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

ஜோடி இல்லாததால் ஒற்றையர் ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தார் மாஸ்டர். என் வீச்சைப் பிடிக்கப் பெண்களில் ஆள் இல்லை. அதனால் பையன்களில் ஒருவனை எதிரே நிறுத்தினார். பென்னலூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் வருவானே, இடதுகைக்காரன். அவன் அப்பா செம்பரம்பாக்கம் ஏரியில் லஸ்கர், மதகு திறந்து மூடுகிற வேலை. இரண்டு வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் நான் அவனோடு பேசியதில்லை. நாம் யாருமே பையன்களோடு பேசமாட்டோம்.

நம் மைதானத்தில் ஒரே ஒரு சுண்ணாம்புக் கட்டம்தான், இரட்டையர் அளவுக்குப் போட்டது. ஒற்றையர் பயிற்சிக்கும் அதையே வைத்துக்கொண்டோம். நான் என் வலது பாதியில் போய் நின்றேன். வளையம் இடது பக்கம் வந்தால் கால் நகரவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. அங்கே ஒரு ஆள் இருக்கிறாள் என்பது உடம்புக்குப் பழகிவிட்டிருந்தது. அன்று வேடிக்கைக்கு என்னோடு ஆடிய இரண்டு மூன்று பேர் அதைக் கண்டுபிடித்து அங்கேயே போட்டுப் பாயிண்ட் எடுத்தார்கள்.

அவன் போடவில்லை. ஒரு நாளல்ல, ஏறக்குறைய மூன்று வாரம். எங்கிருந்து பிடித்தாலும் என் பாதிக்குத்தான் போட்டான். மாஸ்டருக்கே கோபம் வந்துவிட்டது.

"டேய், அந்தப் பக்கம் பூரா காலியா கீது. கண்ணு தெரியல?"

"கை வரல சார்."

"கை வரலயா? உன் பீச்சாங்கைக்கு அந்தப் பக்கம்தாண்டா சுலுவு!"

"வரல சார்."

தீபாவளி எங்களுக்கு இல்லாமல் போனது. அது முடிந்த இரண்டாம் நாள் சாயங்காலம், மழை விட்டுத் தரை ஈரமாக இருந்தது. ஆட்டத்தின் நடுவே அவன் வளையத்தைப் பிடித்து ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு உயரமாக, மெதுவாக, யாரும் ஓடிப் பிடித்துவிடலாம் என்கிற மாதிரி இடது பாதிக்குப் போட்டான். நான் ஓடினேன். பிடித்தேன். அந்த இடத்தில் நின்றுதான் திருப்பிப் போட வேண்டும், அதுதான் சட்டம். போட்டேன். அவன் பிடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான். மாஸ்டர் விசில் ஊதினார்.

அன்று வீட்டுக்கு நடந்தபோது அவன் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். சரியாக வரவில்லை. மூன்று வாரமாக நான் பார்த்தது அவன் கையை மட்டும்தான்.

ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். குழந்தையைப் பார்க்கக் கூடத்தில் நுழைந்தவர், தூளியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதார். நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் வழியாகப் பேச்சுக் கேட்டது.

"சின்னப் பொண்ணு, எப்பிடிப் பேசறதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சம்மந்தி. அவளே சொல்லிட்டா பாருங்க. நான் குடுத்த பொடவையில கொழந்தயப் போட்டுக் கீறாளே, இதுக்கு மேல வாயத் தொறந்து வேற சொல்லணுமா?"

"நானும் பாத்தேன். அதான் ஒண்ணும் கேக்கல," என்றாள் அம்மா.

"மூணு மாசத்துக்குள்ள முடிச்சிடணும். இல்லன்னா வருசம் திரும்பணும். கார்த்திகையில ஒரு நாள் பாத்துடலாம்."

"பரீட்ச எழுதணும்ன்னுவா."

"எழுதட்டுமே. எம்புள்ள வேணாம்ன்னா சொல்லப்போறான்?"

கையில் இருந்த துணியைப் பிழிந்தேன். அது உலர்ந்துபோகிற அளவுக்குப் பிழிந்துகொண்டே இருந்தேன் என்பது நினைவிருக்கிறது. மனைவி செத்தால் அவள் தங்கையைக் கொடுப்பது நம் ஊர்களில் புதிதல்ல. உங்களில் இருவருக்கு அப்படித்தான் நடந்தது. ஆனால் எனக்கு நடக்கும் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

கார்த்திகை முதல் ஞாயிறு மாமா வந்தபோது, அம்மா கடைக்குப் போயிருந்தாள். அவர் குழந்தையை மடியில் வைத்திருந்தார். கழுத்துக்குக் கை கொடுக்காமல் வைத்திருந்தார். கை கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார். இருபத்தைந்து வயதுகூட இராது அவருக்கு. அன்று எனக்கு மிகப் பெரிய ஆளாகத் தெரிந்தார்.

"மாமா, உங்களக் கேட்டாங்களா?"

"இன்னாத்த?"

"என்னக் கட்டிக்கறத."

அவர் குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்கம்மா சொல்லிச்சி. நீ பொடவைய வாங்கிக்கினியாம். அதுல தூளி கட்டினியாம். அதுக்கு மேல நான் இன்னா பேசறது?"

"நான் கோடின்னு நெனச்சேன் மாமா. பழசு கிழிஞ்சி பாப்பா வுழப் பாத்துச்சி. அதான் கட்டினேன்."

அவர் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அது சிரிப்புத்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

"என்னையும் யாரும் கேக்கலம்மா. உன்னப் பாத்தா எனக்கு அவதான் தெரியறா. நீ திரும்பி நின்னா நடை கூட அவதான். நல்லதுன்னு எங்கம்மா சொல்லுது. நல்லதில்ல. உனக்கு நல்லதில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா ஒண்ணு. நீ வேணாம்ன்னா பாப்பாவ எங்கம்மா இங்க வுடாது. தூக்கிக்கினு பூடும். உங்கம்மாவுக்கும் எங்கம்மாவுக்கும் பேச்சே நின்னுடும். தெரியுமில்ல?"

தெரியாது. அதுவரை அப்படி நான் யோசிக்கவே இல்லை.

"அவசரமில்ல. அடுத்த ஞாயித்துக்கெழம வரேன். சொல்லு. நீ இன்னா சொன்னாலும் நான் சொன்னதாச் சொல்லிக்கறேன்."

அந்த ஏழு நாள் குழந்தை என் தோளில்தான் இருந்தது. அப்போதுதான் அதற்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது. யார் குரல் கேட்டாலும் திரும்பும். என் குரலுக்கு மட்டும் கால்களையும் சேர்த்து ஆட்டும். பாலாடையைக் கண்டால் வாயை 'ஓ' என்று வைத்துக்கொள்ளும். பெற்றவளுக்கு அதெல்லாம் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. கட்டிக்கொண்டால் இது என்னோடு இருக்கும். அவ்வளவு சுலபமான கணக்கு. ஒவ்வொரு நாளும் காலையில் சரி என்று முடிவு செய்வேன். சாயங்காலம் மைதானத்திலிருந்து திரும்பும்போது முடியாது என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, "வேணாம் மாமா," என்றேன். அவர் தலையசைத்தார். எனக்கு நன்றி சொல்வது போல இருந்தது. திட்டுவது போலவும் இருந்தது.

இப்போது கவனியுங்கள். இடதுகைக்காரன் என்னோடு முதல் வார்த்தை பேசியது அதற்கு அடுத்த புதன்கிழமை. வட்டாரப் போட்டி அன்று நடந்தது. நான் ஒற்றையரில் ஜெயித்திருந்தேன், பையன்கள் ஒற்றையரில் அவன். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றவன், யாரிடமோ சொல்வது போல, "வெரல் வீங்கிக்கினு கீது," என்றான். என் மோதிர விரல். வளையம் வேகமாக வந்து பட்டுப்பட்டு வீங்கியிருந்தது. அவன் தன் கையில் இரண்டு விரலைச் சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டிக் காட்டினான். "இப்பிடிக் கட்டினா வலிக்காது." என் கையைத் தொடவில்லை. கட்டியதை அவிழ்த்து, துணியைப் பானை மூடியின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

ஆக, நான் மறுத்தது ஞாயிறு. அவன் பேசியது புதன். அவனால் மறுத்தேன் என்று நீங்கள் சொல்வது நாட்கணக்குப்படி தவறு. ஆனால் அந்த மூன்று வாரத்தை, இடது பாதிக்கு வராத வளையங்களை எந்தத் தேதியில் எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதனுக்குப் பிறகு அவன் தினமும் ஒரு வார்த்தை பேசினான். காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னைக் கடக்கும்போது ஏரி நிலவரம் சொல்வான். "நேத்துக்கு இன்னிக்கு அரை அடி ஏறிக்கீது." "ராவுல மழ இல்ல, அப்பிடியேதான் கீது." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. நான் அதை ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிழமை போட்டு எழுதிவைத்தேன். எழுதும் பழக்கம் எனக்கு வந்தது அப்படித்தான்.

மாமா தன் வீட்டில் தனக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். அத்தை நம்பவில்லை. அதற்குள் உங்களில் ஒருத்தி ஏரி நிலவரம் பேசுவதை அம்மாவிடம் சொல்லிவிட்டாள். யார் என்று எனக்குத் தெரியும். இப்போது பரவாயில்லை. அம்மா நேராக லஸ்கர் குடியிருப்புக்குப் போய்க் கத்திவிட்டு வந்தாள். ஏரி நிரம்பிக்கொண்டிருந்த நாட்கள், தூக்கமில்லாமல் இருந்த லஸ்கர், மகனைக் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கிறார். மறுநாள் ஒரு பக்கம் வீங்கிய முகத்தோடு வந்து, "கால் அடி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறாள், நடக்கவில்லை என்று கோபம், அப்படித்தான் அன்று நினைத்தேன். நான் பேத்தி எடுத்த பிறகுதான் புரிந்தது. மகள் போனபின் அவளுக்கு மிஞ்சியது அந்தக் குழந்தை. என்னைக் கொடுத்தால்தான் அது அவள் வாசலுக்கு வந்து போகும். நான் ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்றதாக நினைத்தேன். அவளுடைய பேத்தியை அல்லவா வேண்டாம் என்றிருக்கிறேன்.

மார்கழி முதல் சனிக்கிழமை அத்தையும் மாமாவும் வந்தார்கள். அதே சனிக்கிழமைதான் காஞ்சிபுரத்தில் ஜில்லாப் போட்டி. முந்தின நாள்தான் குழந்தை முதல்முறையாகக் குப்புற விழுந்திருந்தது. அதற்குக் கொழுக்கட்டை செய்வார்கள். அம்மா செய்யவில்லை. அத்தை என்னைப் பார்க்காமல், பால் டின்னையும் பாலாடையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டார். அம்மா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா கழனிக்குப் போயிருந்தார். மெயின் ரோடு வரை குழந்தையை நான்தான் தூக்கி வந்தேன்.

பூந்தமல்லி பஸ் வந்தது. மாமாவிடம் கொடுத்தேன். சொல்லாமலே கழுத்துக்குக் கை கொடுத்தார். குழந்தை அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துக் காலை ஆட்டியது. விளையாட்டு என்று நினைத்திருக்கும். அடுத்து நான் அவளைப் பார்த்தது அவள் கல்யாணத்தில். "வாங்க சித்தி," என்று தாம்பூலப் பையைக் கொடுத்தாள். இவர்தான் சித்தி என்று பக்கத்தில் யாரோ சொல்லிக்கொடுத்ததை நான் பார்த்தேன்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மாஸ்டரும் நீங்களும் காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தீர்கள். என் பெயரைக் கூப்பிட்டீர்கள். இடதுகைக்காரன் மட்டும் ரோட்டைக் கடந்து வந்தான்.

"வரலியா?"

"இல்ல."

"பாப்பாவா?"

"ம்."

"அப்ப நானும் போவல."

"போ. போய் ஜெயிச்சிட்டு வா."

போயிருக்கலாம். பஸ்ஸில் இடம் இருந்தது. ஆனால் கை குழந்தையின் கனத்துக்கே மடங்கி நின்றது, அதை வைத்துக்கொண்டு எதையும் பிடிக்க முடியும் என்று தோன்றவில்லை. வீட்டில் அம்மா தனியாகவும் இருந்தாள். இவ்வளவுதான் காரணம். பரீட்சை முடிந்ததும் அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். இரண்டு கடிதம் வந்தது, ஒன்றுக்குப் பதில் போட்டேன். பிறகு நான் யாரைக் கட்டிக்கொண்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். குறையொன்றும் இல்லாத மனிதர்.

காஞ்சிபுரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை மட்டும் உங்களில் ஒருவருக்கும் தெரியாது. சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தான்.

"மொத ஆட்டத்துலயே அவுட்டு," என்றான்.

"எவ்ளோ?"

"இருவத்தொண்ணு, நாலு."

"நாலா?"

"அதுலயும் ரெண்டு அவன் தப்பாப் போட்டது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள், எந்த இடத்தில் என்று தெரியாமல், அழுதுகொண்டிருந்தேன். அக்காவை எடுத்துக்கொண்டு போனபோது எனக்கு அழுகை வரவில்லை. பூந்தமல்லி பஸ் கிளம்பியபோதும் வரவில்லை. அவன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, மைதானத்தில் இருந்த உங்கள் யாருக்கும் நான் தெரியாதபடி மறைத்துக்கொண்டு நின்றான்.

மணி அடித்தது.

"நீ போ, லேட்டாவுது," என்றேன்.

"ரெண்டாவது மணி இன்னும் கீதில்ல," என்றான்.